பச்சையாகத்தான் இருக்கிறது, பூக்கத்தான் மாட்டேன் என்கிறது

டே லில்லி வளர்ப்பவர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "அது சாகாதுங்க" என்பதுதான். பொய்யில்லை. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் தாங்கும். வேரோடு பிடுங்கிச் சில நாள் நிழலில் கிடத்தி, பிறகு மண்ணில் நட்டாலும் துளிர்த்துவிடும். வாங்குபவர்களுக்கு இதை மண்ணே இல்லாமல், கழுவிய வேரும் அரையாக வெட்டிய இலையுமாகப் பொட்டலம் கட்டித்தான் அனுப்புகிறார்கள். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிட்டு நட்டால் போதும், பிழைத்துக்கொள்ளும். ரோஜாவிடம் இந்த வேலையெல்லாம் காட்ட முடியாது.

இந்தப் பேரும் புகழும்தான் செடிக்கு வினையாக முடிகிறது. சாகாத செடியைக் கவனிக்க வேண்டியதில்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். அது மூலையில் உட்கார்ந்து வருஷக்கணக்காக இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. பிறகு எனக்கு வாட்ஸப்பில் படம் வரும். தொட்டி நிறைய தளதளவென்று இலை, கீழே ஒரு வரி: "அக்கா, செடி பச்சைப்பசேல்னு இருக்கு, பூ மட்டும் வரவே மாட்டேங்குது. என்ன உரம் போடட்டும்?"

உரமே போட வேண்டாம் என்பதுதான் பெரும்பாலும் என் பதில். உயிரோடு இருப்பதற்கு இந்தச் செடிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம். பூப்பதற்கு வேண்டியது வேறு கணக்கு. அந்தக் கணக்கை மட்டும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். லில்லி என்று பெயரில் இருந்தாலும் இது அசல் லில்லி இல்லை. அசல் லில்லி, அதாவது லிலியம், செதில் செதிலான கிழங்கிலிருந்து ஒற்றைத் தண்டாக எழும்பும். தண்டைச் சுற்றி இலை இருக்கும், உச்சியில் பூ. டே லில்லிக்குக் கிழங்கும் இல்லை, இலை ஏறிய தண்டும் இல்லை. நீளமான இலைகள் அடியிலிருந்தே இரண்டு பக்கமும் விசிறியாக விரியும். பூத்தண்டு இலையில்லாமல் மொட்டையாகத் தனியே எழும்பும். மண்ணுக்குக் கீழே தடித்த வேர்கள், அவற்றில் சில நடுவில் புடைத்து நீரையும் மாவுச்சத்தையும் சேர்த்து வைத்திருக்கும். சாகாத குணத்தின் ரகசியம் அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. தாவரவியலில் இதன் இனப்பெயர் ஹெமரோகாலிஸ். லின்னேயஸ் 1753-இல் வைத்த பெயர். வெகுகாலம் லில்லிக் குடும்பத்தில்தான் இதையும் வைத்திருந்தார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகு அங்கிருந்து எடுத்து அஸ்போடலேசியே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். சோற்றுக் கற்றாழையும் அதே குடும்பம்தான். தண்ணீரில்லாமல் நாள் கடத்தும் சாமர்த்தியத்தைப் பார்த்தால், இந்த உறவை நம்புவது எனக்குச் சிரமமாக இல்லை.

குடும்பம் மாறினாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. வீட்டில் பூனை இருந்தால் லிலியமும் வேண்டாம், டே லில்லியும் வேண்டாம். இலை, பூ, மகரந்தம் எதுவானாலும் சரி, கொஞ்சம் உள்ளே போனாலே பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும். மேலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும். "எங்க பூனை செடிப் பக்கமே போகாது" என்பதை நான் ஏற்பதில்லை. பூனை எங்கே போகும் என்று வளர்ப்பவருக்கே தெரியாது. கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி பூவுக்கு வருவோம். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். பெரும்பாலான ரகங்களில் அதிகாலையில் விரிந்து, பொழுது சாயும்போது தளர்ந்து, மறுநாள் காலையில் சுருண்டு தொங்கும். கார்னேஷன் பூவை வாட வைப்பது எத்திலீன் வாயு. அதன் வேலையைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, பூக்கடைக்காரர்கள் அதன் ஆயுளை நீட்டிவிடுவார்கள். டே லில்லியிடம் அது பலிக்காது. இதன் இதழ்கள் எத்திலீனுக்காகக் காத்திருப்பதில்லை. விரிவதற்கு முன்பே இதழின் செல்களுக்குள் அழிவுக்கான ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. இதழ்கள் ஏன் சாகின்றன என்று ஆராய்கிற விஞ்ஞானிகளுக்கு இது பிடித்தமான பூ. ஒரே நாளில் முடிவு தெரிந்துவிடுமே.

இதே இனத்தில் சித்ரினா என்ற வெளிர்மஞ்சள் சாதி முறையை மாற்றி வைத்திருக்கிறது. அந்தி சாயும்போது விரிந்து, ராத்திரி முழுக்க மணந்து, மறுநாள் வாடும். அதைத் தேடி வருவது இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி. ஆரஞ்சு நிற ஃபுல்வா பகல் பூ. மணமில்லை, நிறத்தை வைத்தே பட்டாம்பூச்சியைக் கூப்பிடுகிறது. கடையில் கிடைக்கும் ரகங்களில் மணமுள்ளவை பெரும்பாலும் மஞ்சளாக இருப்பதற்கு இந்த மாதிரியான மஞ்சள் சாதிகளின் ரத்தம்தான் காரணம். 1924-இல் வந்த ஹைபீரியன் என்ற எலுமிச்சை மஞ்சள் ரகம் இன்றும் தோட்டங்களில் இருக்கிறது. மணத்துக்காக ஒன்று வேண்டும் என்றால் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

பூ ஒரு நாள்தான் என்று ஆன பிறகு, செடியின் அழகு பூவில் இல்லை, மொட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு பூத்தண்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். விசிறியின் நடுவிலிருந்து கிளம்பும்போது அதுவும் இன்னொரு இலை என்றுதான் தோன்றும். விரலால் தடவினால் வித்தியாசம் தெரியும். இலை மடிந்து மெல்லிசாக இருக்கும், தண்டின் நுனி கெட்டியாகக் கையில் தட்டும். சில வாரங்களில் இலைக்கு மேலே எழும்பி, உச்சியில் இரண்டாகவோ மூன்றாகவோ கிளைக்கும். ஒவ்வொரு கிளையிலும் மொட்டுகள் இருபக்கமும் மாறி மாறி வரும். எல்லாம் ஒரே வயது இல்லை. அடியில் இருப்பது விரல் நீளம் இருக்கும்போது நுனியில் இருப்பது மிளகு அளவுதான் இருக்கும். நாளைக்கு விரியப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே சொல்லிவிடலாம். பச்சை போய் நிறம் தெரியும், வயிறு உப்பும், மூக்கு நுனியில் இதழ்கள் லேசாக நெகிழ்ந்திருக்கும்.

ஒரு தண்டில் இருபது மொட்டு இருந்து, தினம் ஒன்றோ இரண்டோ விரிந்தால் இரண்டு மூன்று வாரத்துக்குப் பூ நிற்கும். தூரில் ஐந்து தண்டு வந்தால் நூறு பூ. அதே அகலப் பூ, அதே நிறம், ஆனால் தண்டுக்கு எட்டு மொட்டுதான், அதுவும் கிளைக்காமல் உச்சியில் ஒரே கொத்து என்றால் ஒரு வாரத்தில் கடை கட்டிவிடும். அந்தக் கொத்தில் பூக்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு சரியாக விரியவும் விரியாது. விற்பவர்கள் போடும் படத்தில் இருப்பது ஒரே ஒரு பூவின் முகம். அதைப் பார்த்து வாங்குவது வீண். ஒரு தண்டுக்கு எத்தனை மொட்டு, எத்தனை கிளை, பூத்து முடிந்து மறுபடி தண்டு விடுமா, இந்த மூன்றையும் கேளுங்கள். ரகத்தைப் பதிவு செய்தவர்கள் இவற்றையெல்லாம் எழுதித்தான் வைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். பூக்காத செடிகளின் கதையில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் ரகம் குளிர்காலத்தில் என்ன செய்யும்?

டே லில்லியில் மூன்று சுபாவம் உண்டு. ஒரு வகை குளிர் வந்ததும் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும், உறங்கும் வகை. இன்னொன்று வருஷம் முழுக்க இலையோடு நிற்கும், பசுமை மாறா வகை. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில், குளிரின் கடுமையைப் பார்த்து நடந்துகொள்ளும். உறங்கும் வகைக்கு அந்தத் தூக்கம் கட்டாயம். சரியான குளிர் கிடைக்காத இடத்தில் அது என்ன செய்யும் தெரியுமா? முதல் வருஷம் நன்றாகப் பூக்கும். அந்தப் பூவுக்கான ஏற்பாடு முந்தைய குளிரில், அதை வளர்த்துக் கொடுத்தவரின் தோட்டத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. வாங்கியவருக்கு ஏக சந்தோஷம். அடுத்த வருஷம் தண்டு குறையும். அதற்கடுத்து இலை மட்டும். பிறகு விசிறியே மெலிந்து, புல்லா செடியா என்று தெரியாத நிலைக்கு வரும். இந்தப் படிப்படியான தேய்வைப் பார்த்து எல்லோரும் மண்ணைக் குறை சொல்வார்கள், உரத்தைக் குறை சொல்வார்கள். தவறு ரகத்தில் இருக்கிறது.

உலகத்திலேயே அதிகம் விற்ற டே லில்லிகளில் ஒன்று ஸ்டெல்லா டி ஓரோ. வால்டர் ஜப்லோன்ஸ்கி என்ற அமெரிக்கர் உருவாக்கி 1975-இல் வெளியிட்டது. முழங்காலுக்குக் கீழே நிற்கும் குள்ளச் செடி, பொன்மஞ்சளில் சின்னப் பூ, விட்டு விட்டுப் பல மாதம் பூக்கும். அதன் புகழ் நியாயமானதுதான். ஆனால் அது உறங்கும் வகை. உறைபனி விழும் ஊர்களில் சம்பாதித்த பெயர் அது. குளிரே தெரியாத இடத்தில் அதே ஆட்டத்தை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். வெயில் பூமிக்குப் பசுமை மாறா வகைதான் சரி. அதையே உறைபனி ஊருக்குக் கொண்டுபோனால் இலையும் குருத்தும் பனியில் கருகி, கழுத்து அழுகக்கூடும். எனவே "நல்ல ரகம் எது?" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. எந்தக் குளிருக்கு நல்ல ரகம் என்று கேட்க வேண்டும்.

வெயில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தது ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். மரநிழலில் இலை நன்றாக வரும், அதோடு சரி. அடர்சிவப்பும் ஊதாவும் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. உச்சி வெயிலில் அவற்றின் இதழ்கள் வெந்து, நிறம் கரைந்து, மத்தியானத்துக்குள் அலங்கோலமாகிவிடும். அவற்றுக்குக் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் இருக்கும் இடம் பாருங்கள்.

மண் எதுவானாலும் சமாளிக்கும், தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. நடும்போது பார்க்க வேண்டியது ஆழத்தைத்தான். இலையும் வேரும் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு கழுத்து தெரியும். அது மண்ணுக்குக் கீழே இரண்டரை சென்டிமீட்டர் இருந்தால் போதும். பலமாக நிற்கட்டும் என்று இன்னும் ஆழமாகப் புதைத்தால் பூ குறையும், கழுத்து அழுகவும் வாய்ப்புண்டு. மூடாக்குப் போடுவது நல்லதுதான், ஆனால் வருஷா வருஷம் கழுத்தின் மேலேயே குவித்துக்கொண்டு போனால் அதுவும் ஆழமாக நட்ட கதைதான்.

தண்ணீரில் ஒரு தந்திரம் இருக்கிறது. செடிக்கு வறட்சி ஒரு பொருட்டில்லை, மொட்டுக்குப் பெரிய விஷயம். தண்டு எழும்பத் தொடங்கியதிலிருந்து கடைசிப் பூ வரை மண் காயக் கூடாது. அந்தச் சமயத்தில் காய்ந்தால் செடி தன்னைக் காப்பாற்றிக்கொண்டு மொட்டை உதிர்த்துவிடும், அல்லது பூவைச் சின்னதாக்கிவிடும். மற்ற மாதங்களில் நீங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது.

உரம் வேண்டாம் என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்: வாட்ஸப்பில் படம் அனுப்புபவர்களில் பலர் ஏற்கெனவே யூரியாவைப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி தழையைத்தான் தரும். துளிர்க்கும் பருவத்தில் மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு கை, பூத்து முடிந்ததும் இன்னொரு கை. தரையில் இருக்கும் செடிக்கு இதுவே அதிகம். தொட்டியில் தண்ணீரோடு சத்தும் வடிந்துவிடுவதால் கொஞ்சம் அடிக்கடி தரலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் பூ குறைந்துகொண்டே வந்தால், தூர் நெரிசல்தான். ஒரு விசிறி இரண்டாகும், இரண்டு நாலாகும். சில வருஷத்தில் நடுவில் இருப்பவை வெளிச்சமும் இல்லாமல் இடமும் இல்லாமல் திணறும். மூன்றிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தூர் பிரித்தாக வேண்டும். நான் சோம்பலில்லாமல் செய்கிற வேலை இது ஒன்றுதான். பூத்து முடிந்த பிறகு, வெயில் தணிந்த பருவமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

முதலில் இலைகளைக் கையால் சேர்த்துப் பிடித்து, ஒரு சாண் விட்டு மீதியை வெட்டி எறியுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். வேர் பிடிக்கும் வரை அத்தனை இலைக்கும் அதனால் தண்ணீர் தர முடியாது. தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, நெம்பி, மொத்தமாகத் தூக்குங்கள். நன்றாக வளர்ந்த தூரின் கனம் ஆச்சரியப்படுத்தும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டு மண்ணைக் கழுவுங்கள். மண் இருக்கும்வரை எது யாருடைய வேர் என்றே தெரியாது. கழுவிய பிறகு மங்கலான தந்த நிறத்தில் தடித்த வேர்கள், நடுநடுவே புடைப்புகள், பின்னிப் பிணைந்து கிடக்கும். இரண்டு விசிறிகளைக் கழுத்தில் பிடித்து எதிரெதிராக அசைத்தால், சில 'க்ளக்' என்று தாமாகவே விட்டுக்கொடுக்கும். அவை தயாராக இருந்தவை. விட்டுக்கொடுக்காதவற்றைக் கத்தியால் கழுத்துக்கு நடுவே, இரண்டு பக்கமும் வேர் இருக்கும்படி, ஒரே அழுத்தாக வெட்டுங்கள். கையில் எடுத்தால் நசநசவென்று அமுங்குகிற பழைய வேர்களைக் கிள்ளி எறியுங்கள். வெட்டுக்காயம் ஆறட்டும் என்று ஒரு நாள் நிழலில் உலர்த்திவிட்டு நட்டால் அழுகல் குறையும்.

ஒற்றை விசிறியாக நட்டால் மறுபடி தூர் கட்ட நாளாகும். இரண்டு மூன்று சேர்ந்த துண்டாக நட்டால் அடுத்த பருவத்திலேயே பூவை எதிர்பார்க்கலாம். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு ஒவ்வொன்றாகப் பிரிப்பவர்கள் ஒரு வருஷப் பூவை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். பங்கு கேட்டு வரும் சொந்தக்காரர்களுக்கு ஒற்றை விசிறி கொடுப்பது என் வழக்கம். பொறுமை இருக்கிறதா என்று பார்க்கலாமே.

தினசரி வேலை என்று பார்த்தால், பூக்காலத்தில் வாடியதைக் கிள்ளுவது. நேற்றைய பூ காலையில் ஈரமாக, கொழகொழவென்று தொங்கும். அதை விட்டுவைத்தால் காய்ந்து பக்கத்து மொட்டின் மேல் ஒட்டிக்கொண்டு அதை விரிய விடாது. இதழை மட்டும் இழுத்து எடுத்தால் போதாது, அடியில் இருக்கும் சின்னப் பச்சைச் சூலகத்தோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஒடிக்க வேண்டும். இல்லாவிட்டால் செடி காய் பிடித்து, சக்தியை விதைக்குக் கொண்டுபோய்விடும். மொட்டும் அதே மாதிரித்தான் ஒடியும், அதனால் அவசரமாகச் செய்கிற வேலை இல்லை. அடர்சிவப்பு ரகங்களின் வாடல் விரலிலும் துணியிலும் சாயம் ஏற்றிவிடும். வெளியே கிளம்பத் தயாராகி நிற்கும்போது கை வைக்காதீர்கள்.

பூச்சியில் அசுவினியும் இலைப்பேனும்தான் தொல்லை. அசுவினி குருத்தின் இடுக்கில் அப்பும், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். இலைப்பேன் மொட்டைச் சுரண்டி, விரியும் பூவில் வெள்ளைத் திட்டும் கோணலும் வைக்கும்.

நோயில் ஒன்றுக்குத்தான் நான் பயப்படுவேன், துரு நோய். பக்சினியா ஹெமரோகாலிடிஸ் என்ற பூஞ்சை. கிழக்காசியாவில் முன்பிருந்தே இருந்தது, 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தலைகாட்டி, செடி வியாபாரத்தோடு சேர்ந்து வேகமாகப் பரவியது. இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுப் பொடியாகப் பொரி பொரியாக இருக்கும். வெள்ளைக் காகிதத்தால் தேய்த்தால் ஆரஞ்சுக் கறை ஒட்டும். இலை நரம்பை ஒட்டி நீளமாகப் பழுப்புக் கோடு விழும் வேறு ஒரு நோயும் உண்டு, அதில் கறை ஒட்டாது. இந்தச் சோதனை முடியாமல் மருந்து வாங்க ஓடாதீர்கள். துரு செடியைக் கொல்வது அரிது. ஆனால் இலையைத் தின்று, பூவைக் குறைத்து, தோட்டத்தையே அழுக்காக்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பூஞ்சைக்கு உயிருள்ள பச்சை இலை வேண்டும். உறைபனி ஊரில் இலையெல்லாம் செத்துப்போவதால் துருவும் பெரும்பாலும் குளிரோடு முடிந்துவிடும். வெப்பமான இடத்துக்கு ஏற்றது என்று நாம் தேர்ந்தெடுத்தது பசுமை மாறா வகை. அது துருவுக்கு வருஷம் முழுக்க வீடு கொடுக்கிறது. பூவுக்காகச் செய்த தேர்வுக்கு நாம் தரும் விலை இது. ஆகவே வெயில் பூமிக்காரர்கள் ரகம் வாங்கும்போதே துருவைத் தாங்குமா என்று விசாரிக்க வேண்டும். புதுச்செடி வந்ததும் இலையை ஒட்ட வெட்டி எரித்துவிட்டு, சில வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும். தண்ணீரை இலை மேல் தெளிக்காமல் அடியில் ஊற்றுங்கள். இரவு முழுக்க இலை ஈரமாக இருப்பதுதான் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

இவ்வளவு நிறங்களும் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும், எனக்கு இந்தச் செடியில் பிடித்த பகுதியே அதுதான். காட்டு டே லில்லிகளின் நிறம் மஞ்சள், ஆரஞ்சு, மங்கிய செம்மண் என்று அதற்குள் அடங்கிவிடும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வளர்ந்த ஃபுல்வா ஆரஞ்சுச் செடி விதையே வைக்காது. அதற்கு மூன்று தொகுதி குரோமோசோம்கள், 33. இரண்டால் வகுக்க முடியாததால் நல்ல விதை உருவாகாது. ஆனாலும் வேர்த்தண்டு நகர்ந்து நகர்ந்து, பிரித்து நட்டவர்களின் கையால் கடல் தாண்டி, சாலையோரப் பள்ளங்களில் காடாக வளர்ந்தது. அத்தனையும் ஒரே செடியின் துண்டுகள். சாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்தச் செடி ஏன் விதை வைப்பதில்லை என்று ஆராயத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆர்லோ பர்டெட் ஸ்டௌட். 1911-இல் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் சேர்ந்தவர். சீனாவிலிருந்து செடிகளை வரவழைத்து, பல தலைமுறை கலப்பினம் செய்து, 1934-இல் தெரான் என்ற அடர்சிவப்பு ரகத்தைக் கொடுத்தார். இன்றைய சிவப்புகளுக்கு அதுதான் முன்னோடி. இந்தத் துறையின் மிக உயர்ந்த பதக்கம் அவர் பெயரில்தான் வழங்கப்படுகிறது.

அடுத்த பாய்ச்சல் கோல்சிசினால் வந்தது. செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமாக விலகிப் போவதை இந்த நஞ்சு தடுத்துவிடும். எல்லாம் ஒரே செல்லில் தங்கி, 22 என்பது 44 ஆகிவிடும். இப்படி இரட்டிப்பான செடிகளின் இதழ் தடிக்கும், தண்டு உறுதியாகும், நிறம் அழுத்தமாகும். இந்தக் கோல்சிசின் செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் நிறைய இருக்கிறது. கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்று நாம் பயப்படுகிற அதே சரக்குதான், இன்னொரு செடியின் முகத்தையே மாற்றியது.

அதன் பிறகு நிலைமை கைமீறிவிட்டது. பதிவான ரகங்கள் லட்சத்தை ஒட்டிப் போய்விட்டன. இப்போது வருவதில் பலவற்றுக்குப் பூ முகமெல்லாம் சுருக்கு, ஓரத்தில் ஜரிகை வைத்துத் தைத்த பாவாடையாக ஒரு பொன்வரி, நடுவில் கண், கண்ணைச் சுற்றி இன்னொரு கண். ஓரம் தடித்துப்போய், குளிர்ந்த காலையில் இதழ் பிரிய முடியாமல் பாதியில் சிக்கிக்கொள்கிற ரகங்களும் உண்டு. ஒரே நாள் வாழ்கிற பூவுக்கு விரிவதே பாதி நாள் என்றால் என்ன பிரயோஜனம்? மெல்லிய இதழ், நெடிய தண்டு, காற்றில் ஆடுகிற பழைய மஞ்சள்கள்தான் எனக்கு உசத்தி. இது ரசனை விஷயம், சண்டைக்கு வராதீர்கள்.

நீங்களே கலப்பினம் செய்து பார்க்கலாம், கஷ்டமான வேலை இல்லை. காலையில் பூ விரிந்து, மகரந்தப் பை வெடித்துப் பொடி தெரிந்ததும், ஒரு கேசரத்தைக் கிள்ளி எடுத்து இன்னொரு செடியின் சூல்முடியில் தடவுங்கள். ஆறு கேசரங்களுக்கு நடுவே எல்லாவற்றையும் விட நீளமாக வளைந்து நிற்பதுதான் சூலகத் தண்டு, அதன் நுனிதான் சூல்முடி. வெயில் ஏறினால் மகரந்தம் வீணாகிவிடும். 22 குரோமோசோம் செடியும் 44 குரோமோசோம் செடியும் ஒத்துப்போகாது, அதனால் இரண்டும் ஒரே வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்டில் ஒரு நூலும் பெயர்ச்சீட்டும் கட்டிவிடுங்கள். பூ உதிர்ந்த இடத்தில் பச்சை உருண்டை பருத்தால் காய் பிடித்துவிட்டது. ஆறேழு வாரத்தில் காய் பழுத்து, மூன்று அறையாக வெடிக்கத் தொடங்கும். உள்ளே பளபளவென்று கறுப்பு விதைகள். அழுத்தினால் கெட்டியாக இருப்பவற்றை மட்டும் எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து வாரம் வைத்துவிட்டு விதைத்தால் ஒரே சீராக முளைக்கும்.

முதல் பூவுக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகும். அம்மா மாதிரியும் இருக்காது, அப்பா மாதிரியும் இருக்காது. பத்தில் எட்டு சுமார்தான். ஆனால் முதல் பூவை வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். இளஞ்செடியின் முதல் தண்டு குட்டையாக, இரண்டு மூன்று மொட்டோடு, நிறமும் தெளியாமல்தான் வரும். இரண்டாம் வருஷத்தில் மொட்டை எண்ணுங்கள், கிளையைப் பாருங்கள், மழைக்குப் பிறகு தண்டு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள், இலையடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தேய்த்துப் பாருங்கள். தேறியதற்குப் பெயர் வையுங்கள். மற்றவற்றை உரக்குழியில் போடும்போது வேரைக் கழுத்தோடு நறுக்கிப் போடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே துளிர்த்துவிடும்.